கூப்பனிப் பதம்

பதநீரை வெயில் ஏறுவதற்கு முன்பே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் புளித்துவிடும், புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் நல்ல பாகு கிடைக்காது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலை நேரத்தில் புகை எழுந்தது ஏன் என்று ஆய்வாளர் அவர்களே, நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டதால், இதை முதலில் சொல்லிவைக்கிறேன். அது புகையன்று, ஆவி. நாங்கள் பயன்படுத்தியது எரிவாயு அடுப்பு.

என் மனைவி சண்முகவடிவு மருத்துவமனையில் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசிக்கக் கொடுத்தீர்கள். நன்றி. அதில் சில எழுத்துப் பிழைகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். ஆனால், "சர்க்கரை பார்க்கும் கருவி பழுதாகியிருக்க வேண்டும், என் கணவர் தப்பாகச் சொல்லக்கூடியவர் இல்லை" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை அப்படியே விட முடியாது. கருவியில் பழுதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரு பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். பிழை என்று தெரிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்; உங்கள் எழுத்தர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

என் மகள் தமிழ்மொழி கனடாவில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தோம். பனி உருகத் தொடங்கும் காலம். மாப்பிள்ளை அஸ்வின் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேப்பிள் மரங்களில் துளையிட்டு, வாளி மாட்டி, சொட்டுச் சொட்டாக வடியும் நீரைச் சேர்த்துக் காய்ச்சுவார். அதற்கென்றே அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் தட்டு ஒன்று வைத்திருந்தார். உள்ளே குறுக்குத் தடுப்புகள். ஒரு மூலையில் பச்சை நீரை ஊற்றினால், அது தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்து, வரும் வழியிலேயே வற்றி, மறு மூலையில் பாகாக நிற்கும். வடிவு அந்தப் பச்சை நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அவள் உடன்குடிப் பக்கத்துக்காரி, பதநீரில் வளர்ந்தவள்.

"சரியா அலசாத தம்ளர்ல தண்ணி குடிச்ச மாதிரில்லா இருக்கு. இதுக்குப் போயா மரத்துல ஓட்ட போட்டீங்க மாப்ள?"

"நாப்பது லிட்டர் காய்ச்சினா ஒரு லிட்டர் வரும், அத்தை."

"அட, கூறுகெட்ட மரமே. எங்க பனைய வந்து பாருங்க. ஏழு படி ஊத்துனா ஒரு படி நிக்கும்."

நுரை பொங்கியபோது அவர் ஒரு துண்டு வெண்ணெய் போட்டு அடக்கினார். எங்கள் ஊரில் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவோம் என்று அவள் சொன்னாள். அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இருவரும் சிரித்தார்கள். நான் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். மணமான நாளிலிருந்து அவள் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. இதை ஒரு தகவலாக மட்டுமே சொல்கிறேன்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே அவள் பேச்சை எடுத்தாள்.

"பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு அவ ஒத்தையில கெடந்து அல்லாடுதா. நான் அங்கேயே போயி இருந்துருதேன். நீங்களும் வாங்க. வராட்டியும் பரவாயில்ல."

கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசுததுக்குள்ள, இது சரியா தப்பான்னு எனக்கு வேத்துப் போகுது. அங்க வேக்கல."

அது குற்றச்சாட்டாகச் சொல்லப்படவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். நான் சினம்கொள்ளவும் இல்லை. பிழை கண்ட இடத்தில் திருத்துவது என் இயல்பு; அது அவளுக்கு வருத்தம் தந்திருக்கிறது என்றால், அதற்கும் ஒரு திருத்தம் இருக்க வேண்டும் என்றே எண்ணினேன். அவளைச் சிரிக்கவைத்தது ஒரு தட்டு. அந்தத் தட்டை மந்தைவெளியிலும் செய்யலாம். இதில் தவறான எண்ணம் ஏதும் இருந்ததாக நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

வடிவின் தம்பி முத்துகிருஷ்ணனுக்குத் தியாகராய நகரில் பாத்திரக் கடை. நான் வரைந்து கொடுத்த அளவில், தடுப்புகளோடு, ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்துத் தந்தார்.

"அத்தான், இதுக்கு 'மேப்பிள் கடாய்'னு பேர் போட்டுக் கண்ணாடியில வச்சா, ரங்கநாதன் தெருவுல போலீஸ் வந்துதான் கூட்டத்தக் கலைக்கணும்" என்றார்.

கேளம்பாக்கத்துக்கு அப்பாலிருந்து ஒருவர் பருவம் முழுதும் கேன்களில் பதநீர் கொண்டுவந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அடியில் தெளியும்வரை காத்திருந்து, மேலே இருப்பதை மட்டும் வெள்ளைத் துணியில் வடிகட்டுவது என் வேலை. இந்த விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்ததில்லை. கருப்பட்டியாக இறுகும்வரை நாங்கள் காய்ச்சவில்லை. அதற்கு முந்தைய நிலையில், தேன்போல் ஓடும் பாகாக இறக்குவோம். அவள் ஊரில் அதற்குக் கூப்பனி என்று பெயர். இறக்கும் நேரத்தைச் சொல்வது அவள் வேலை. கரண்டியைத் தூக்கி, விழும் துளியின் நிறத்தைப் பார்ப்பாள். நான் ஏதேனும் சொல்ல வாயெடுத்தால், "பேசாமக் கிண்டுங்க. இப்பப் பேசுனா அடிபிடிச்சிரும்" என்பாள்.

என்னைப் பேசாதிருக்கச் சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன் ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாடிக்கு வந்தார். "என்ன ஓய், தினமும் யாகமா? ஆத்துல ஒருத்தரும் வேலை செய்ய மாட்டேங்கறா, வாசனை பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கா" என்றார். வடிவு அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவர் போனபின், அவர் மூக்கை உறிஞ்சிய விதத்தைச் செய்துகாட்டினாள். அந்த மாடியில் அவளுக்கு வியர்த்தது அடுப்பால் மட்டுமே.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன்.

வடிவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. கருப்பட்டியும் கூப்பனியும் சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது, வெள்ளைச் சீனிதான் நஞ்சு என்பது அவள் வீட்டில் எல்லோரும் நம்புவது. முத்துகிருஷ்ணனும் வாரம் ஒரு முறை கைப்பேசியில் அதை அனுப்பிவைப்பார். அது பிழை. எங்கள் மருத்துவர் என் முன்னிலையிலேயே அவளுக்கு அதை விளக்கியிருக்கிறார். ஆனாலும் பதம் பார்ப்பவள் ருசி பார்க்காமல் இருக்க முடியாது. காப்பியிலும் அதுதான், தோசைக்கும் அதுதான் என்று ஆயிற்று. ஒருநாள் அவளே சொன்னாள்.

"மெஷின்ல பாத்துருவோம். ஏறியிருந்தா இந்தச் சோலியே வேண்டாம். தட்டத் தம்பிகிட்ட திருப்பிக் குடுத்துட்டு, டிக்கெட் போட்டுருவோம்."

விரலில் குத்திக்கொள்வது அவள். திரையை வாசிப்பது நான். வெகு நாளாகவே அப்படித்தான். சிறிய எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது. வாசிப்பது என் தொழில். திரையில் இருநூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது.

"நூற்று முப்பத்தெட்டு" என்றேன்.

அந்த எண்ணை ஏன் தேர்ந்தேன் என்று கேட்டீர்கள். நூற்றுப் பத்து என்றிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். நூற்று எழுபது என்றிருந்தால் பயந்திருப்பாள். அந்த இடத்துக்குப் பொருத்தமான எண் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவள் முகம் மலர்ந்தது. "நான் சொன்னம்லா? எங்க ஊர்ல எல்லாம் இதத் தின்னுதான் வளந்தோம்" என்றாள். அன்று என் காப்பியிலும் ஒரு கரண்டி கூடுதலாக விட்டாள். அந்த மகிழ்ச்சியை நான் கெடுத்திருக்க வேண்டும் என்றா சொல்கிறீர்கள்?

மெய்ப்பு வாசிப்பில் ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார்; மற்றவர் கேட்டுக்கொண்டு அச்சுத்தாளைச் சரிபார்ப்பார். கேட்பவர் வாசிப்பவரை நம்பியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. வடிவு நல்ல கேட்பாளர். அதன்பின் ஒவ்வொரு முறையும் நான் வாசித்தேன், அவள் கேட்டாள். எண்களை ஒரே மாதிரி வைக்கவில்லை, ஒருநாள் சற்றே ஏற்றிச் சொல்லி, "நேற்று வாழைப்பழம் தின்றாயல்லவா?" என்று கடிந்துகொள்வேன். அவள் வாழைப்பழத்தை விட்டுவிட்டாள். மருத்துவரிடமும் தொலைபேசியில் நானே எண்களைச் சொன்னேன். இவ்வளவு நல்ல எண்கள் என்று மகிழ்ந்து, அவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கச் சொல்லி அவர் எழுதித் தந்தபோது, ஊசி என்றால் அவளுக்குப் பயம் என்பதை மட்டும் நினைவூட்டினேன். அது உண்மை.

இரண்டாம் பருவத்தில் அவளுக்குக் களைப்பு வந்தது. பகலில் தூங்கினாள். பருவம் முடிந்ததும் கனடா போவதாக இருந்த பயணத்தைத் தள்ளிவைத்தாள். பிறகு கண் மங்கியது. செய்தித்தாளை நான் வாசித்துக் காட்டினேன். மகள் அனுப்பும் குறுஞ்செய்திகளையும் நானே வாசித்தேன். பேரன் படத்தில் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்பதுவரை சொன்னேன். அவற்றை மாற்றி வாசிக்கவில்லை. மாற்றுவதற்குத் தேவை இல்லை. பயணம் மறுபடியும் தள்ளிப்போயிற்று. கரண்டியிலிருந்து விழும் துளியின் நிறத்தை அவள் என்னிடம் கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். "செவப்பா, கருப்பா? சரியாச் சொல்லுங்க" என்பாள். சரியாகத்தான் சொன்னேன். நிறத்தில் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாகு கெட்டிருக்கும்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் ரத்னாவை நீங்கள் விசாரித்துவிட்டீர்கள். அவர் பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறார். அவர் சொன்னதாக நீங்கள் வாசித்துக்காட்டியது சரியே. ஒருநாள் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"சார், அம்மா பாத்ரூம்ல எறும்பு மொய்ச்சிக்கினு கீது. டெய்லி கழுவி வுடுறேன், வந்துக்கினே கீது. எங்க நைனாவுக்கு சக்கர ஏறிப்போனப்போ இப்டிதான் வந்துச்சு சார்."

"மாடியில் பாகு காய்ச்சுகிறோம். படியில் எங்காவது சிந்தியிருக்கும்" என்றேன்.

"மாடில சிந்தினா கக்கூஸுக்கு இன்னாத்துக்கு சார் வருது? அதுக்கு வழி தெரியலியா?"

அது நியாயமான கேள்வி. கடைக்குப் போய் எறும்புச் சாக்பீஸ் வாங்கிவந்து, கழிவறை வாசலில் ஒரு கோடு போட்டேன். நேர்கோடு. எறும்புகள் வருவது நின்றது. ரத்னாவும் கேட்பதை நிறுத்தினார்.

இப்போது அவளுடைய காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று தெரியும்.

இது மூன்றாம் பருவம், கத்திரி வெயில் காலம். அன்று பதநீர் புளிக்கவில்லை என்றாலும் தாமதமாக வந்ததால், வெயிலில் காய்ச்சும்படி ஆயிற்று. பாகு காய்ச்சும் இடத்தில் செருப்போடு நிற்பது அவள் வீட்டு வழக்கத்தில் இல்லை. அடுப்புக்கு முன் நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் வெறுங்காலோடு நிற்போம். நடுப்பகலுக்குச் சற்று முன், பாகு பதத்துக்கு நெருங்கியிருந்தது. நான் கரண்டியைத் தூக்கினேன். பிடிக்கு அப்பால் தற்செயலாகக் கண் போயிற்று. அவளுடைய இடது கால் சாக்கின்மேல் இல்லை. சிமெண்டுத் தரையில் இருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் மாடித் தரையில் ஒரு காக்கைகூட நிற்காது. அவள் நின்றுகொண்டிருந்தாள். காலை மாற்றவில்லை. விரல்களை மடக்கவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நெறம் என்ன?" என்று கேட்டாள்.

அவளுக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. எதனால் இல்லை என்பதும் புரிந்தது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கருத வேண்டும். கூப்பனி பதத்துக்கு வரும் கணம் மிகச் சிறியது. கையெடுத்தால் தீய்ந்துவிடும். மேலும், "சாக்கின்மேல் நில்" என்று சொன்னால், "ஏன், சுடலையே?" என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்ல வேண்டியிருக்கும். "தேன் நிறத்துக்கு ஒரு படி கீழே" என்றேன். "அப்பக் கொஞ்சம் பொறுங்க" என்றாள். பொறுத்தேன். பிறகு இறக்கி, சூட்டோடு வடிகட்டி, பாட்டில்களில் நிரப்பி மூடினேன். அதன்பின் அவள் கையைப் பிடித்துக் கீழே அழைத்துச் சென்றேன். அந்த ஈடு இதுவரை வந்ததிலேயே தெளிவானது. இப்போதும் சமையலறையில் மேல் தட்டில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உள்ளங்காலில் கொப்புளம் எழுந்தது. உடைந்தது. ஆறவில்லை. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போட்டுத் துணி சுற்றினேன். ஒவ்வொரு நாளும் புதுத் துணி. மருத்துவரிடம் காட்டலாமா என்று அவள் கேட்டாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போது புண் தானே ஆறிவிடும் என்றேன். அந்த வாக்கியம் பொதுவாகச் சரியானதே.

ஒருநாள், குத்திய விரலை அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவே நூத்தி நாப்பத்திரெண்டா?"

"ஆம்."

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு என் முழங்கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஒரு கமா தப்பா இருந்தாலே ஒங்களுக்குத் தூக்கம் வராதே" என்றாள். அச்சகத்தில் எனக்கு யாரும் அப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை.

புண்ணின் நாற்றத்தை ரத்னா கண்டுகொண்டு, மகளுக்கு எப்படியோ சொல்லிவிட்டார். எறும்புகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். தமிழ்மொழி சொல்லாமல் வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. அம்மாவின் விரலில் குத்தி, கருவியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இத வாசிங்கப்பா."

திரையில் எண் இல்லை. ஓர் எல்லைக்கு மேல் போனால் அந்தக் கருவி எண் காட்டாது. அளவு மீறிவிட்டது என்று மட்டும் காட்டும்.

"வாசிங்க" என்றாள் மறுபடியும். "அம்மாவுக்கு எப்பவும் நீங்கதான வாசிப்பீங்க?"

வாசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வடிவு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "என்னங்க, மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். மருத்துவமனையில் வடிவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தது அதற்கு மறுநாள்.

ஆகவே உங்கள் எழுத்தர் இப்படித் திருத்திக்கொள்ள வேண்டும். கருவி கெடவில்லை. நான் அடிக்கடி என் விரலிலேயே குத்தி அதைச் சரிபார்த்து வந்திருக்கிறேன். என் சர்க்கரை எப்போதும் சீராக இருந்தது. அது ஒருநாளும் தவறான எண்ணைக் காட்டவில்லை. தவறான எண்களைச் சொன்னவன் நான். மூன்று பருவங்களாக, தெரிந்தே, ஒவ்வொரு முறையும் சொன்னேன். மாடியில் அவள் கால் சுட்டதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே கிண்டினேன். அவளைக் கொல்ல எனக்கு எண்ணம் இருந்ததில்லை. எங்கேயும் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இதில் கையொப்பம் இடுகிறேன். ஆனால் வாக்குமூலம் என்ற சொல்லுக்குப்பின் தேவையில்லாமல் ஒரு காற்புள்ளி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.

நேற்று நீங்களே ஒன்றைச் சொன்னீர்கள். மருத்துவமனையில் செவிலியர் காலையும் மாலையும் அவள் விரலில் குத்தி எண்ணைச் சொல்கிறார்களாம், மகளும் சொல்கிறாளாம். அவள் ஒருவர் சொல்வதையும் நம்புவதில்லையாம். "அவுக வந்து வாசிக்கட்டும்" என்கிறாளாம்.

தை பிறந்தால் மறுபடி பதநீர் வந்துவிடும். அவளால் இனிப் படியேற முடியாது. தட்டைக் கீழே கொல்லைப்புறத்துக்கு மாற்றிவைக்கும்படி முத்துகிருஷ்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பதில்தான் வரவில்லை. அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்குக் கண் தெரியாது. வாசித்துச் சொல்ல என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்?